வீட்டுக்காரரைக் கொடுத்து இரண்டு பொடியன்களை வாங்கப் பார்த்தார்கள்

கொட்டகலை பஸாரில் போட்டோ கொப்பிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கத்தரிக்கோல் சத்தம்கூடக் காதில் விழும். நான் எங்கள் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். பிள்ளைகள் வர்ணம் தீட்டுவதற்காக ஒரு யானைப் படத்தை முப்பது பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டுக் காத்து நின்றேன். சலூனுக்குள் என் வீட்டுக்காரரை வேறு தோட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் பிறகுதான். என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்து மென்பந்து கிரிக்கெட் அணியின் பந்து வீச்சாளர், இடது கை. பதினெட்டு வயதில் தொடங்கியவர், இப்போது நாற்பதைத் தொடப்போகிறார். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே ஆள் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பந்து போட்ட மனுஷனை, முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன் "அந்தாளு முடிஞ்ச கேஸ்" என்றால் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டலாமா என்று கை பரபரத்தது.

பேச்சிலிருந்து விஷயம் விளங்கியது. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று இவரைக் கேட்கிறதாம். அவர்களிடம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பழகிய போலர் இல்லை. இவரைக் கொடுத்தால், மீசை முளைத்தும் முளைக்காத இரண்டு பொடியன்களைத் தருவார்கள். இன்றைக்கு அவர்கள் சுமார்தான், ஆனால் இரண்டு வருஷத்தில் எங்கேயோ போவார்கள் என்று ஒரு கட்சி. கப்பு இந்த வருஷம் வேண்டும், இரண்டு வருஷம் கழித்து யார் இருப்பார் யார் போவார் என்று இன்னொரு கட்சி.

பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மாஸ்டர் முதல் கட்சிக்குத் தலைவர். அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த ஆட்டத்தில் யார் எத்தனை பந்து போட்டார், எத்தனை வைட் என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பார். இந்தத் தடவை என் வீட்டுக்காரருடைய கை வரவரத் தாழ்ந்து வருகிறது, வைட் கூடிக்கொண்டே போகிறது என்று கொப்பியை விரித்து வாசித்தார். சலூன்காரர் இரண்டாவது கட்சி. அவர் விடுவாரா? கை தாழ்ந்து வருவதுதான் புது டெக்னிக், மட்டை பிடிக்கிறவனை ஏமாற்றுவதற்காக வேண்டுமென்றே அப்படிப் போடுகிறார் என்று அடித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைத் தவிர, அந்தக் கை ஏன் தாழ்ந்து வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான், பலகைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே அணியின் கேப்டன் பேசினான். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு; எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்துப் பையன்தான். "எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். பேர மாத்துறதுதான் ஒரு சின்ன வேல. இங்க ஆபீஸ்ல வெட்டி, அங்க பதிஞ்சுட்டா சரி."

யானைப் படங்கள் முப்பதும் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கத்துச் சுற்றுப்போட்டியில் பாதி ஆட்டம் முடிந்ததும் ஒரு மாதம் இடைவெளி விடுவார்கள். அந்த ஒரு மாதத்தில் தோட்டங்கள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விளையாடுகிறவருடைய பேர் அந்தத் தோட்டத்துப் பதிவில் இருக்க வேண்டும், வேறு எந்தத் தோட்டத்துப் பதிவிலும் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் ஹட்டன் டவுனிலிருந்து ஆட்களை இறக்கிக் கப்பைத் தூக்கிக்கொண்டு போனதால் வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பரா, அதாவது முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரு அறை, பின்னால் நாங்களே தகரம் போட்டு இறக்கிய குசினி, இவ்வளவும் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே பேர் பதிந்து வேலை செய்கிறவர்தான் அதில் இருக்கலாம். மாமனார் பேரில் இருந்தது, அவர் போன பிறகு இவர் பேருக்கு வந்தது. எனக்கு முன்பள்ளி வேலை, தோட்டத்துப் பதிவில் என் பேர் கிடையாது. மகளுக்குப் பதினைந்து வயது, ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறாள். எங்கள் மூன்று பேர் தலைக்கு மேலே இருக்கிற தகரம் அவருடைய ஒரு பேரில்தான் நிற்கிறது.

அந்த இரண்டு பொடியன்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு அப்பன் பேரில் காம்பரா இருக்கிறது. எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் பேரை மாற்றிவிட்டுச் சாயங்காலம் அம்மா கையால் சாப்பிடப் போய்விடலாம். மேல் லயத்தில் ஒரு மனுஷன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் மாதக்கணக்கில் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வராததால் பேரை வெட்டினார்கள். ஒருநாள் காலையில் ஆபீஸ் ஆட்கள் வந்து சாமான்களை இஸ்தோப்பில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். அவன் பெண்சாதி மழைத்தூறலில் தையல் மெஷினைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளாஸை வாங்கத் தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு யாராவது 'பேரை வெட்டி' என்றால் எனக்கு அந்த முகம்தான் வரும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டோரிலிருந்து வந்தவரிடம் நேராகவே கேட்டேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அங்கே கொழுந்து வாட்டுகிற மாடியில் அவருக்கு வேலை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, தெரியும் என்றார். அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த வருத்தம் இல்லை. புது மாப்பிள்ளைக் களை இருந்தது. கொத்மலைக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்காத குறையாம், முதல் ஓவரே இவருக்குத்தானாம். இங்கே எல்லாரும் கிழவன் கிழவன் என்கிறார்கள், அங்கே ஒரு தோட்டமே இவருக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். வீடு என்ன ஆகும் என்றேன். கப்பு முடிந்ததும் பேரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவதாகக் கேப்டன் சொல்லியிருக்கிறான் என்றார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். மகள் படித்துக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன்.

தோள் விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அவருடைய இடது தோள் முதல் ஆட்டத்துக்கு முன்பே போய்விட்டது. காலையில் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்க அந்தக் கை மேலே போகாது. ராத்திரி சாப்பிட்டதும் எண்ணெயைச் சூடாக்கி நான்தான் தேய்த்துவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன். ஆட்ட நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல், விலாவோடு ஒட்டிப் பந்து போடுவார். சலூன்காரர் கண்டுபிடித்த புது டெக்னிக் அதுதான்.

மறுநாள் கேப்டன் ஒரு ஃபார்ம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். கையெழுத்தை இப்போது போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் முன்னால்தான் போட வேண்டும் என்றான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒளித்து மறைத்து ஆளைக் கடத்திவிட்டார்கள் என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாதே. போட்டு முடித்தால் திங்கட்கிழமை ஃபார்ம் ஆபீஸுக்குப் போகும். ஃபார்ம் சிங்களத்தில் இருந்தது. இவருக்கு வாசிக்கத் தெரியாது, கேப்டனுக்கும் தெரியாது. முன்பள்ளிப் பயிற்சிக்குப் போன இடத்தில் நான் படித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆள் மாற்றுவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று இருந்தது. மூன்று தடவை வாசித்தேன், மூன்று தடவையும் அதுதான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் காட்டினேன். நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். பேரை வெட்ட அவர்களிடம் இருப்பது அந்த ஒரு ஃபார்ம்தான் என்றார். கப்பு முடிந்து திரும்பி வந்தால் பழையபடி பதிவார்களா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப புதுசா யாரையும் பதியிறதில்லங்க டீச்சர். வந்தா கைக்காசு வேலதான். அன்னன்னைக்கு வேல, அன்னன்னைக்குக் கூலி. கைக்காசுக்காரவங்களுக்குக் காம்பரா இல்ல. தோட்டத்துத் தொர கையெழுத்து வெச்சிட்டா என்னால ஒண்ணும் பண்ண ஏலாது."

கொத்மலைத் தோட்டத்தில் ஒரு காம்பரா கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அங்கே மண் சரிந்த பிறகு சில குடும்பங்கள் இன்னும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் துணியைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்றார். வருகிற வழியில் தேயிலைக்கு நடுவே நின்று ஒரு பாட்டம் அழுதேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, சளியா டீச்சர் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

கிளாக்கர் சொன்னதை அப்படியே இவரிடம் சொன்னேன். ஃபார்மை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போட்டால் மட்டும் என்ன, கேப்டன் இன்னொன்று கொண்டுவருவான்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கூரையில் மழை விழுந்தால் ஒழுகுமோ என்று பயந்த நாள் போய், இந்தக் கூரையில் இன்னும் எத்தனை மழை கேட்போமோ என்று பயந்தேன். புதன்கிழமையோ வியாழக்கிழமையோ கேப்டனுடைய அண்ணி வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம், மாமனார் மாமியார் கொழுந்தன் எல்லாரோடும் ஒரே காம்பராவில் இருக்கிறவள். கொஞ்சம் கறித்தூள் கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுத்த பிறகும் போகாமல், குசினித் தகரம் நீங்களே போட்டதா அக்கா, பின்பக்கம் ஒழுகுமா என்று விசாரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் சும்மா கேட்டாளா, காம்பரா காலியாகும் என்று அளவெடுக்க வந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒழுகும், நன்றாகவே ஒழுகும், சுவரும் பிளந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். என் வீட்டை நானே குறை சொன்னது அது ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கணக்கு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ரசிகர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். அவர் மனம் மாறினால் பாதி ஊர் மாறும். என்னைக் கண்டதும் கொப்பியை எடுத்துவிட்டார். நான் புருஷனுக்காக வாதாட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"உங்கட மனுசனில எனக்கு மரியாதை இருக்கு டீச்சர். ஆனா கணக்கெண்டு ஒண்டு இருக்குத்தானே. ஆள் விலைபோற நேரத்தில குடுத்தாத்தான் ரெண்டு பெடியளை எடுக்கலாம். அடுத்த வருசம் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அவருடைய கணக்கு சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல். சேர், உங்கள் கொப்பியில் காம்பராவுக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று கேட்டேன். ஃபார்மில் இருந்த வரியையும் கிளாக்கர் சொன்னதையும் சொன்னேன். மாஸ்டர் கொப்பியை மேசையில் வைத்தார். குவார்ட்டர்ஸில் இருக்கிறவர், இடமாற்றம் வந்தால் அடுத்த குவார்ட்டர்ஸ், அவருக்கு எப்படித் தோன்றும்? அதை நான் யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்து ஓரத்தில், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். ஆட்டம் இல்லாத நாளிலேயே அவ்வளவு கூட்டம். கொத்மலைத் தோட்டத்து அணிச் செயலாளர் ஒரு கறுப்புப் பையோடு ஆட்டோவில் வந்திறங்கினார். கூடவே அந்த இரண்டு பொடியன்கள். ஒருவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். பெண்கள் நாங்கள் ஒரு ஓரமாக நின்றோம். என் மகளை நான் கூட்டிப் போகவில்லை.

மாஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எழுந்து, இது வெறும் பேர் மாற்றம் இல்லை, வீட்டு விஷயம் என்று தொடங்கினார். கேப்டன் மரியாதையாகவே குறுக்கே வந்தான். ஒரு மாதத்துப் பேப்பர் வேலை சேர், வீடு எங்கே போகப்போகிறது, தொரையிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றான். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லாரும் பேர் பதிந்தவர்கள், அல்லது பதிந்தவர்களின் பிள்ளைகள். தன் பேர் வெட்டுப்படும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது சலூன்காரர். எப்படியாவது இவரைப் போகவிடக் கூடாது என்றுதான் எழுந்தார், பாவம். இவர் மாதிரி இடது கை போலர் இந்த மலையிலேயே இல்லை என்றார். ஒரு காலத்தில் ஒரே ஓவரில் கொத்மலைக்காரர்களின் கதையையே முடித்ததை எடுத்துச் சொன்னார். ஆளாளுக்கு எழுந்து பழைய ஆட்டங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். புகழப் புகழச் செயலாளருக்கு ஆசை கூடிக்கொண்டே போனது எனக்கு இங்கே நின்று தெரிந்தது. பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்துவிட்டார். கொடுக்காதே என்று சொன்னவர்களே அவரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஃபார்மை எடுத்து, மடிப்பைப் பிரித்து, முழங்காலில் வைத்துத் தடவினார். செயலாளர் பேனாவை நீட்டினார். இவர் வாங்கினார்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஓடவில்லை. பயம், பயம் மட்டும்தான். மேல் லயத்துக்காரி தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த இடத்தில் என் மகள் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் கூட்டத்துக்குள் நான் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"அவருக்குத் தோளு போயிருச்சுங்க," என்றேன். "கைய மேல தூக்க முடியாது. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் ஆடுறாரு. வேணும்னா தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

கேப்டன் "அக்கா" என்றான். செயலாளர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். வயதில் சின்னவர், தயங்கித்தான் கேட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கைய ஒருக்கா தூக்குங்க."

தூக்க மாட்டேன் என்று அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல், இடது கையைத் தூக்கினார். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. இன்னும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. கை காதோடு நின்றது. சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் கொப்பியை மூடினார். நகம் கடித்த பொடியன் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு இவரையே பார்த்தான்.

செயலாளர் பேனாவைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டார். யாரும் யாரையும் திட்டவில்லை. ஆட்டோ கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பொடியன்களும் வந்த மாதிரியே போனார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என்னைக் கடந்து போனவர்கள் எனக்கு வழிவிட்டுப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். அவர் வரவில்லை. மகள் என்ன நடந்தது என்று கேட்டாள். நம்ம காம்பரா நம்மகிட்டயே இருக்கும் என்று மட்டும் சொன்னேன். நான்கு மணி ஆனது, ஐந்து ஆனது. மலையில் பனி இறங்கிவிட்டது. மனுஷன் எங்கே போனார், தண்ணீர்ப் பீலிப் பக்கம் போனாரா, ஆற்றுப் பக்கம் போனாரா என்று இஸ்தோப்புக்கும் குசினிக்குமாக நடந்தேன். வீடு போய்விடும் என்ற பயம் இறங்கின இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கால் கழுவினார், உட்கார்ந்தார், போட்ட ரொட்டியைச் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து, திட்டட்டும், அடிக்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஃபார்மை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"கிளாக்கர் சொன்னத நீ சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நான் போட்டிருக்க மாட்டேன்," என்றார். "பேனாவ நீட்டுனாங்கல்ல. அத எல்லாரும் ஒருக்கா பாக்கணும்னு நெனச்சேன். பாத்தோன்ன திருப்பிக் குடுத்திருப்பேன்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் உண்மை என்று தோன்றும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள், சும்மா சமாளிக்கச் சொன்னார், நான் மட்டும் வாய் திறக்காவிட்டால் நடுத்தெருவில்தான் நின்றிருப்போம் என்று தோன்றும். கேட்டுத் தெளிவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், ஏன் என்னை நம்பவில்லை என்று அவர் கேட்பார்.

காம்பரா அவர் பேரிலேயே இருக்கிறது. மகள் ஓ.எல். எழுதிவிட்டாள். அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், என்னோடு பேசுகிறார், சிரிக்கக்கூடச் சிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துப் பக்கம் போவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு தோள் வலிக்கிறது என்று அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சாப்பிட்டதும் எண்ணெயை அவரே சூடாக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வலது கை எட்டுகிற அளவுக்குத் தேய்த்துக்கொள்கிறார். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். கொடுங்க, நான் தேச்சுவிடுறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இன்னும் கேட்கவில்லை.